மூச்சுக்காக வந்தவர்கள்

"நாளையிலேர்ந்து எங்க ஸ்கூல் பஸ் வர்ற நேரத்துல நீங்க வெளிய நிக்காதீங்கம்மா."

மகள் இதைச் சொல்லும்போது நிமிரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து காலணியின் நாடாவை முடிந்துகொண்டே, அந்த நாடாவிடம் சொல்வதுபோலச் சொன்னாள். சமையலறையில் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது. பதினேழு வயது மகள். போன வருஷம் வரை நீச்சல் குளத்திலிருந்து வந்ததும் ஈரத் தலையை அம்மாவின் தோளில் துடைத்துவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டு ஓடுகிறவள்.

"ஏம்மா, யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"பஸ்ல ஒருத்தி மூக்கைப் பொத்திக்கிட்டு, அது உங்கம்மாதானேன்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

முடிச்சு விழுந்த பிறகும் மகள் நாடாவை இழுத்துக்கொண்டிருந்தாள். "இல்லைன்னு சொல்லிட்டேன்."

அம்மா கோழிப் பண்ணையில் வேலை பார்த்தாள். பண்ணை, பள்ளிப் பேருந்து போகும் சாலையை ஒட்டியே இருந்தது. காலை ஆறரைக்கு உள்ளே நுழைந்ததும் முதல் காரியம், செத்துக் கிடக்கும் கோழிகளைக் கூண்டு கூண்டாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டு, வேலியோரம் வெட்டியிருக்கும் குழிக்குச் சுமந்துபோவது. முட்டை எடுப்பது, அட்டைத் தட்டுகளில் அடுக்குவது, விரிசல் விட்டதைப் பிரிப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். சாக்கு வேலை புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு. அவள் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. அவளுக்குப் பின்னால் யாரும் சேரவில்லை. எனவே அவள்தான் இன்னும் புதுசு.

"சரிம்மா" என்றாள். "பஸ் வர்றதுக்கு முன்னாடியே போட்டுட்டு உள்ள போயிடறேன்."

மகள் அதற்குக் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. பையை எடுத்துக்கொண்டு போனாள். முன்னறையில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டிருந்த மாமனார் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். சரியாக அந்த நேரம் பார்த்து மருமகளுக்கு இருமல் வந்தது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"நல்ல காத்து வேணும்னு எங்களையெல்லாம் இழுத்துக்கிட்டு வந்தே" என்றார் அவர், பக்கத்தைப் புரட்டிக்கொண்டு. "கிடைச்சிருக்கு பாரு, நல்ல காத்து."

ஜன்னலுக்கு வெளியே வேலிக்கம்பியை முறுக்கிக்கொண்டிருந்த அவள் கணவனுக்கும் அது கேட்டது. அவன் திரும்பவில்லை. கம்பியை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினான். அவள் தேநீரை மாமனாரின் பக்கத்தில் வைத்துவிட்டு, பின்கட்டில் தொங்கிய வேலை உடுப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள். அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது மகள் போட்ட சட்டம்.

சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை இதுதான். நகரத்துப் புகையும் தூசியும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூச்சுத் திணறல். கிராமத்தில் பூட்டிக் கிடந்த தன் சித்தியின் வீட்டுக்குப் போயே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பாவம், பெண்டாட்டி பேச்சைத் தட்டாத அந்த மனுஷன், மருந்துக் கடையில் இருபது வருஷம் பார்த்த வேலையை விட்டான். போகிற இடத்தில் பிழைப்புக்கு என்ன வழி என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல், வயசான அப்பாவையும் பள்ளிக்கூடம் முடிக்காத பெண்ணையும் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

உண்மையில் அவளுக்கு அப்போது ஒரு மூச்சுத் திணறலும் கிடையாது.

அவன்தான் ஒரு மதியம், கடையில் கூட்டம் நெரித்த நேரத்தில், தொலைபேசியைக் காதில் இடுக்கிக்கொண்டே ஒரு தையற்காரிக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தான். பெயர் ஒன்றுதான், பெட்டியும் ஒரே நிறம், வீரியம் மட்டும் எழுதியிருந்ததைவிடப் பத்து மடங்கு. மூன்றாம் நாள் அந்தப் பெண் தன் தையல் இயந்திரத்தின் மேலேயே சரிந்து விழுந்தாள். மூன்று வாரம் ஆஸ்பத்திரி. உயிர் தப்பியது, வலது கை நடுக்கம் மட்டும் போகவில்லை. கடை முதலாளி பழைய காலத்து மனிதர். விஷயத்தை வெளியே விடாமல் ஆகவேண்டியதைப் பார்த்துவிட்டு, "நீ அமைதியா விலகிடுப்பா" என்று மட்டும் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்தவன் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு அழுதான். அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்றான். தபால்காரராக இருந்த அந்த அப்பா, கடிதம் கொடுத்த வீடுகளிலெல்லாம், "என் பையன் கொடுக்கிற மருந்துல ஊரே பிழைக்குது" என்று சொல்லித் திரிந்தவர். மகளுக்குத் தெரியக் கூடாது. தன்னைப் படிக்க வைத்த அக்காவுக்குத் தெரியவே கூடாது. இந்த ஊரில் எந்தத் தெருவில் அந்தத் தையற்காரி எதிரே வருவாளோ என்று தனக்கு நடக்கவே முடியவில்லை என்றான். எங்காவது போய்விடலாம்... போவதற்கு ஒரு காரணம்தான் வேண்டும்.

"எனக்காகன்னு சொல்லிடுங்க" என்று அவள் சொன்னாள். அவன் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள். ஆனால் அவன் வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் அவளுக்குப் பதினாறு வருஷ வேலை. அடுத்த மாதம் பிரிவுத் தலைவியாகப் போகிறவள். ராஜினாமா கடிதத்தை அவளே தட்டச்சு செய்தாள். அதிகாரி மூன்று முறை திருப்பிக் கொடுத்து, யோசித்துப் பாருங்கள் என்றார். நாலாவது முறை, மூச்சுத் திணறலுக்கு என்ன யோசனை ஐயா என்று அவள் சொன்னபோது, பொய் அவ்வளவு எளிதாக வாயில் வந்ததே என்று அவளுக்கே கூசியது.

அதற்கு முன், சிகிச்சை நடந்த மூன்று வாரமும் அலுவலகத்தில் கூடுதல் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு, மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தத் தையற்காரியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரிவிட்டாள், துணி அலசிக் கொடுத்தாள். மகளின் நீச்சல் இறுதிப் போட்டி அந்த நாட்களில் ஒன்றில்தான் நடந்தது. பார்வையாளர் வரிசையில் அம்மாவின் இடம் காலியாக இருந்ததை மகள் இன்று வரை மறக்கவில்லை. அந்தத் தையற்காரியோ ஒரு நாள் படுத்தபடியே அவளைப் பார்த்து, "நீங்க வர்றீங்க... அவர் ஏன் வரலை?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

கிராமத்துக்கு வந்த புதிதில் மனிதர்கள் நல்லவிதமாகத்தான் பேசினார்கள். கூரையில் ஓடு மாற்ற ஏணி கொடுத்தார்கள், பம்பு ஓடாதபோது தண்ணீர் கொடுத்தார்கள். கூடவே ஒரு கேள்வியும் கேட்டார்கள்: "இங்க என்ன வேலையா வந்தீங்க?" வேலை எதுவும் இல்லை என்றால் நம்ப மாட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எல்லாம் ஒரு வேலைக்காக நகரத்துக்குப் போய்க்கொண்டிருக்க, இவர்கள் நகரத்து வேலையை விட்டுவிட்டு இங்கே வந்திருந்தார்கள். அதைக் கேட்டவர்கள் சற்று நேரம் அவர்கள் முகத்தையே பார்ப்பார்கள். ஏதோ தப்புப் பண்ணிவிட்டு வந்தவர்கள் என்று நினைக்கிறார்களோ என்று அவளுக்கு உடம்பு குறுகும். அப்படி நினைத்திருந்தால் அதில் பொய்யும் இல்லையே!

வேலை கேட்டு அவள் ஏறாத படி இல்லை. ஊராட்சி அலுவலகத்தில், இங்கே இருப்பதே ஒரு கம்ப்யூட்டர், அதில் என் மச்சான் உட்கார்ந்திருக்கிறான் என்று எழுத்தர் வருத்தத்தோடு சொன்னார். பால் சேகரிக்கும் இடத்தில், பள்ளிக்கூடத்தில், விதைக் கடையில், எல்லா இடத்திலும் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து இல்லை என்றார்கள். கணவன் மர அறுவைப் பட்டறைக்கு இரண்டு நாள் போனான். மூன்றாம் நாள் பட்டறைக்காரர் அவன் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, இந்தக் கையோடு ரம்பத்துக்குப் பக்கத்தில் வேண்டாம் தம்பி என்று அனுப்பிவிட்டார். அவன் போட்ட தக்காளி நாற்று முதல் மழையிலேயே அழுகியது. அதற்குப் பிறகு அவன் வேலியைக் கட்டினான். கட்டிய வேலியையே மறுபடி அவிழ்த்துக் கட்டினான்.

மாமனாருக்கு நடக்க ஒரு தெரு வேண்டும், வணக்கம் சொல்ல நாலு பேர் வேண்டும். இங்கே அவரை யாருக்கும் தெரியாது. முச்சந்தி டீக்கடையில் போய் உட்கார ஆரம்பித்தார். புது ஊரில் பேச்சுத் துணை சேர்க்க அவரிடம் இருந்த ஒரே சரக்கு மருமகளின் கதைதான். அவள் வேலை முடிந்து அந்த வழியாக வரும்போது பெஞ்சில் பேச்சு நின்றுபோகும். அவள் தலையைக் குனிந்துகொண்டு, எதிர்ப்பக்கம் கடந்து போவாள்.

கோழிக் கொட்டகையின் கார நெடி மெல்ல மெல்ல அவள் நெஞ்சில் இறங்கியது. பொய்யாகச் சொன்ன வியாதி நிஜமாகவே வந்து சேர்ந்தது. அதை யாரிடம் சொல்வது? எல்லாரும்தான் அவளுக்கு அது முன்பே இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்களே.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை சுகாதார நிலையத்து நர்ஸ் வீட்டுப் பக்கம் வந்து மாமனாரின் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, மாத்திரையை மாற்றிக் கொடுத்திருந்தாள். மாலையில் வீடு திரும்பிய மருமகள், வழக்கம்போல நான் எடுத்து வைக்கட்டுமா மாமா என்று கேட்டாள். அவர் அட்டையைத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். "இருபது வருஷம் மருந்துக் கடையில நின்னவன் என் பையன். அவன் பாத்துக் குடுப்பான். நீ உன் கோழியைப் பாரு." அவளும் விட்டுவிட்டாள். அதைப் பிறகு எத்தனையோ முறை நினைத்து வருந்தினாள்.

மறுநாள் காலை அவர் மகனிடம் அட்டையை நீட்டி, இதில் முழுசா போடணுமா பாதியா போடணுமா, பாத்துச் சொல்லு என்று கேட்டிருக்கிறார். அவன் வாங்கிப் பார்த்தான். கை நடுங்கியது. எழுத்தைப் படிக்கப் படிக்க நெற்றி வேர்த்தது. அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, "அவ வரட்டும்ப்பா, அவளைக் கேட்டுக்குங்க" என்று கொல்லைப்பக்கம் போய்விட்டான். பெற்ற பிள்ளை தன்னைத் தட்டிக்கழிக்கிறான் என்று கிழவருக்கு ரோஷம். புதுசையும் போடவில்லை, பழசையும் போடவில்லை. மருமகள் கேட்டபோதெல்லாம் போட்டாயிற்று என்றார். வியாழக்கிழமை மதியம் துணி காயப்போடும் கொடிக்குக் கீழே விழுந்து கிடந்தார்.

பண்ணைக்கு ஆள் வந்து சொல்லி, அவள் வேலை உடுப்போடு சுகாதார நிலையத்துக்கு ஓடினாள். அங்கே படுக்கையில் கண் விழித்த மாமனார், அவளிடமிருந்து வந்த நெடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் இரண்டடி பின்னால் தள்ளி, கதவோரமாகப் போய் நின்றாள்.

பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. முழங்கையில் அடி, மயக்கம். சனிக்கிழமை காலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதே காலை, முதல் பேருந்தில் நாத்தனார் வந்து இறங்கினாள்.

கணவனுக்கு அக்கா, ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியை. தம்பிக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதற்காகத் தன் கல்யாணத்தை நாலு வருஷம் தள்ளிப் போட்டவள். கெட்டவள் இல்லை. ஆனால் அவள் கேள்வி கேட்டால், எதிரே நிற்கிறவர் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையாகிவிடுவார். அப்பாவின் கட்டுப் போட்ட கையைத் தொட்டுப் பார்த்தாள். சமையலறையை, ஒழுகிய கூரைக்குக் கீழே வைத்திருந்த வாளியை, பின்கட்டில் தொங்கிய வேலை உடுப்பை எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அப்பாவைத் தன்னோடு கூட்டிப் போவதாகச் சொன்னாள். தம்பி மகளையும்தான், அவளுக்கு ஒரு நல்ல பள்ளியில் இடம் வாங்கித் தருவது தன் பொறுப்பு. தம்பியும் புத்தி இருந்தால் கிளம்பட்டும். மருந்துக் கடைக்கா ஊரில் பஞ்சம்? இஷ்டப்பட்டவர்கள் இங்கேயே இருந்துகொள்ளட்டும். இதையெல்லாம் குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். கடைசியில் மட்டும் தம்பி பெண்டாட்டி பக்கம் திரும்பினாள்.

"உன் ஒருத்தி மூச்சுக்காக நாலு பேரோட மூச்சை நிறுத்திட்டியேம்மா. இந்தப் பொண்ணு தண்ணியைப் பார்த்து எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா? எங்கப்பா ரெண்டு நாளா மாத்திரை போடல. வீட்டுல இருந்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும். அப்படி என்ன உனக்கு உன் உடம்பு?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருமல் வந்துவிடக் கூடாதே என்று வாயைத் துணியால் மூடிக்கொண்டாள். ஒரு வருஷமாகப் பழகிய மௌனம். அதற்குள் நிற்பது இப்போது அவ்வளவு கஷ்டமில்லை. கணவன் பின்கதவில் சாய்ந்து நின்றான். அவன் பேசிவிடுவானோ என்று பயந்தாளா, பேச மாட்டானோ என்று பயந்தாளா, அவளுக்கே தெரியவில்லை.

"சரி அண்ணி" என்றாள் கடைசியில். "மாமாவைக் கூட்டிட்டுப் போங்க. இவளையும்... அங்கதான் அவளுக்கு நல்லது."

"நான் போகல" என்றாள் மகள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மகள் அதுவரை அறை வாசலில் நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது. தாத்தா விழுந்த பயத்தில் அழுதிருக்கிறாள் என்றுதான் அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து சுகாதார நிலையத்து மாடிப்படியில நின்னு மருந்துக் கடை முதலாளிக்கு போன் பண்ணேன், அத்தை" என்று மகள் சொன்னாள். குரல் நடுங்கியது. "அப்பாவை மறுபடி வேலைக்குச் சேத்துக்குங்க, நாங்க எல்லாரும் திரும்பி வந்துடறோம்னு கெஞ்சலாம்னு பண்ணேன். அவர் முதல்ல, உங்கம்மா நல்லா இருக்காங்களான்னு கேட்டார். அப்புறம் எல்லாத்தையும் சொன்னார்."

அவள் மகளின் பக்கம் ஓரடி வைத்தாள். "வேணாம்மா" என்றாள்.

மகள் அவள் பக்கம் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். "நான் சொல்ல மாட்டேன்ப்பா. நீங்க சொல்லுங்க."

அவன் பேச வாயெடுத்தான், மூடினான். அக்காவையும் பார்க்காமல் அப்பாவையும் பார்க்காமல் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"அக்கா... அவளுக்கு மூச்சுத் திணறலே கிடையாது. இந்த இருமல் இங்க வந்து, அந்தக் கொட்டகையில வேலை பார்த்து வந்தது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். தொலைபேசி, ஒரே நிறப் பெட்டி, பத்து மடங்கு, தையற்காரியின் வலது கை. அவளுக்கு இப்போது ஊசியில் நூல் கோக்க முடியாது என்றபோது தன் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டான். அவளை ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை, தனக்குப் பதிலாக மனைவி மூன்று வாரம் போனாள் என்றான். அந்த இடத்தில் மகள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அப்பா என்னைப் பத்தி என்னென்னவோ சொல்லி வெச்சிருந்தார். அதைக் கெடுக்க எனக்குத் தைரியம் வரல" என்றான். "இவ பேரைக் கெடுக்க மட்டும் எங்கிருந்தோ தைரியம் வந்துச்சு."

அவள் தலை நிமிரவில்லை. இத்தனை நாள் இப்படி ஒரு நிமிஷத்தைத் தனியாக எத்தனையோ முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள்: எல்லாரும் தெரிந்துகொள்வார்கள், வெட்கப்படுவார்கள். இப்போது அது வந்தபோது, பெற்ற தகப்பன் முன்னால் கூனிக் குறுகி நிற்கும் அந்த மனிதனைப் பார்க்க முடியவில்லை. அதற்கு நடுவிலும் நெஞ்சின் ஒரு மூலையில் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதை நினைத்துத்தான் அவளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக வெட்கமாக இருந்தது.

நாத்தனார் எழுந்தாள். நேராகச் சமையலறைக்குப் போனாள். பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. தேய்த்து வைத்திருந்த பாத்திரத்தைத்தான் மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள். வெகு நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

மாமனார் மகனைத் திட்டுவார் என்று மருமகள் எதிர்பார்த்தாள். அவர் அவனைப் பார்க்கவே இல்லை. கட்டுப் போடாத கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இரண்டடி எடுத்து வைத்து அவளுக்கு எதிரே வந்து நின்றார்.

"டீக்கடையில உன்னைப் பத்தி எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேம்மா" என்றார். "தினமும் சொன்னேன். சிரிக்கிற மாதிரி சொன்னேன். சொன்னதையெல்லாம் நான் இப்ப எப்படித் திரும்ப வாங்குவேன்?"

"பரவால்ல மாமா..."

"பரவால்லன்னு சொல்லாதே. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் எங்க எல்லாரையும் இப்படி ஆக்கி வெச்சிருக்கே." கிழவருக்கு உதடு கோணியது. "உட்காரும்மா. என் முன்னாடி நிக்காதே."

அவள் உட்காரவில்லை. அவரை உட்கார வைத்தாள். அவர் அவள் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. அந்தக் கையில் கோழி கொத்திய தழும்புகளை அன்றுதான் பார்த்தவர்போல, ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார்.

மகளைக் காணவில்லை. பம்பு செட்டுக்குப் பக்கத்துச் சிமெண்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளைத் தொடப் போன கையை, நெடி அடிக்குமோ என்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"போட்டியன்னிக்கு வரலேன்னு நான் உங்களோட ஒரு மாசம் பேசவே இல்லை" என்றாள் மகள்.

"அது எனக்குப் பெரிசா தெரியலம்மா."

"பொய். திரும்பவும் பொய்." மகள் வெடித்தாள். "உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுது. நீங்க என் அம்மாவே இல்லைன்னு நான் சொன்னதுகூட... அதுக்கும் சரின்னு சொன்னீங்க. நீங்க பொறுத்துக்கிட்டீங்க, சரி. என்னை ஏம்மா உங்களை வெறுக்க வெச்சீங்க? ஒரு வருஷம் நான் உங்களை வெறுத்தேன். அதை நான் என்ன பண்றது?"

அப்பாவின் மேல் உனக்கு இருந்த மரியாதை போய்விடக் கூடாது என்றுதான், என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அப்பாவைக் காப்பாற்றுவதற்காக மகளின் மனசை எடுத்துத் தன்மேல் கல்லாக எறியக் கொடுத்திருக்கிறோம் என்பது இந்த ஒரு வருஷத்தில் ஒரு நாளும் அவளுக்குத் தோன்றியதில்லை. தான் தாங்கிக்கொள்வதை மட்டுமே பார்த்திருந்தாள். எறிகிறவளுக்கும் கை வலிக்கும் என்று பார்க்கவில்லை.

"தப்புதாம்மா" என்றாள். "உன்கிட்ட சொல்லியிருக்கணும். என்னை மன்னிச்சிடு."

மகள் திரும்பி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கோழி நெடியைப் பொருட்படுத்தவில்லை. சின்னக் குழந்தைபோல உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள். அவளும் அழுதாள். ஒரு வருஷமாக வராத கண்ணீர், வரும்போது இருமலையும் சேர்த்துக் கொண்டுவந்தது. மகள் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே அழுதாள்.

மறுநாள் நாத்தனார் தனியாகத்தான் ஊருக்குக் கிளம்பினாள். அப்பா வர மறுத்துவிட்டார். பேருந்து ஏறும்போது தன் கைப்பையிலிருந்து ஒரு மருத்துவரின் முகவரியை எடுத்துத் தம்பி பெண்டாட்டியின் கையில் வைத்து, "நெஞ்சுக்குப் பாக்கறவர். நானே கூட்டிட்டுப் போறேன், நீ வா" என்றாள். மன்னிப்பு என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. முகவரியைக் கொடுத்த கை மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

கணவன் அந்த ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. அவனோடும் யாரும் பேசவில்லை. கோபத்தால் என்றில்லை, எங்கே தொடங்குவது என்று தெரியாததால். திங்கட்கிழமை விடியும்போது, நகரத்தில் வேலைக்குப் போகும்போது போடுகிற சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றான். சட்டை தோளில் தொளதொளத்தது.

"அந்தத் தையல்கார அம்மா வீடு எங்கன்னு உனக்குத் தெரியும்ல?"

அவளுக்குப் புரிந்தது. அடுப்பை அணைத்தாள். "நானும் வரட்டுமா?"

"வேணாம்." அவன் முதன்முறையாக அவள் கண்ணைப் பார்த்தான். "ஒரு வருஷமா எனக்கு முன்னாடி நீ நின்னே. இங்க நான் தனியா போய்த்தான் நிக்கணும். அவங்க என்ன சொன்னாலும் கேட்டுட்டு வர்றேன். கதவையே திறக்கலேன்னாலும்... வாசல்ல நின்னுட்டு வர்றேன்."

அவள் ஒரு காகிதத்தில் தெருவையும் வீட்டு எண்ணையும் எழுதிக் கொடுத்தாள். அதைச் சட்டைப் பையில் வைக்கும்போது அவன் கை நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டு அவள் வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

அன்று பண்ணையில் முட்டை பிரிக்கும் மேசையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தபோது, பெரியக்கா என்று எல்லாரும் கூப்பிடுகிற மூத்த வேலைக்காரி, "உன் வீட்டுக்காரர் சட்டையெல்லாம் மாட்டிக்கிட்டு டவுன் பஸ்ல போறதைப் பார்த்தேனே, வேலை கிடைச்சிடுச்சா?" என்று கேட்டாள். மற்றவர்களும் நிமிர்ந்தார்கள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பழக்கத்தில் வாய் அதற்குத்தான் தயாரானது. காது மடல் சுட்டது. கையிலிருந்த முட்டையைத் தட்டில் வைத்தாள்.

"இல்லக்கா. வேலை எதுவும் கிடைக்கல" என்றாள். "அவரால ஒருத்தங்களுக்குப் பெரிய கெடுதல் நடந்துபோச்சு. அதுக்கு மன்னிப்புக் கேக்கப் போயிருக்கார். நாங்க இந்த ஊருக்கு வந்ததே அதனாலதான். என் உடம்புக்காக இல்லை."

இனி இது மாலைக்குள் டீக்கடை வரை போகும் என்று அவளுக்குத் தெரியும். வெட்கம் உச்சந்தலை வரை ஏறியது. ஆனாலும் குனியாமல் அவர்கள் முகத்தைப் பார்த்தபடியே நின்றாள்.

பெரியக்கா தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"போய்ட்டு வரட்டும்" என்றாள். பிறகு பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். "நின்னுக்கிட்டே ஏன் வேலை பாக்கறே? வா, இப்படி உட்காரு."

அவள் போய் உட்கார்ந்தாள்.